கோயிலில் வளர்ந்த நிழல்

தரையில் உறைந்து கிடக்கிற மெழுகைச் சிரட்டைத் துண்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். சுரண்டுகிறது, ஈரத்துணியால் துடைக்கிறது, மறுபடி சுரண்டுகிறது, இதுதான் காலையிலிருந்து என் கைக்கு வேலை. இந்த வாரம் கோயில் கூட்டுகிற முறை எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு. மற்றப் பெண்கள் பீடத்துத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்கள், பெண்கள் பக்கத்து இரண்டாம் தூணடியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார்கள், யாரும் சொல்லி விடவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. இந்த இடத்தில்தான் மெழுகு அதிகம். இப்போது இங்கே ஒன்றும் இல்லை, ஒரு பாய் அகலத்துக்கு வெறும் தரைதான், ஆனாலும் சனங்கள் வந்து மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள், பன்னிரண்டு வருசப் பழக்கம் மூன்று வாரத்தில் போய்விடுமா.

எங்கள் சிப்பிக்குடியில் ஒரு வழக்கம் உண்டு. பிழைக்குமோ பிழைக்காதோ என்று இழுத்துக்கொண்டு கிடக்கிற பிள்ளையை அந்தோணியாருக்கு அடிமை என்று நேர்ந்து விடுவோம். பிள்ளை தேறி ஒரு வயது ஆனதும், தைத் திருவிழா ஒன்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, தவிட்டு நிறச் சட்டை போட்டுப் பீடத்துப் படியில் கொண்டுபோய் உட்கார்த்தி வைத்து, காணிக்கைக்கு உப்பும் மிளகும் கொட்டி, பெற்றவள் வாயைத் திறந்து, கடைசி வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "கோடி அற்புதரே, எம்பிள்ளையத் தாரும்" என்று மூன்று தரம் கேட்க வேண்டும். பீடத்தில் நிற்கிற அந்தோணியார் சுரூபம் வாய் திறந்து பேசாது இல்லையா, அதனால் அவருக்காகச் சனங்கள் எல்லாரும் சேர்ந்து "கொண்டு போ" என்பார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அதற்கு முன்னால் தூக்கினால் அது கேட்காமல் எடுத்தது ஆகும்.

என் மகள் சகாய ஜெனோவா பிறந்தபோது அழவில்லை, நீலம் பாரித்துக் கிடந்தாள், நான்தான் நேர்ந்தேன். அடுத்த தையில் ஏழு தாய்மார் வரிசையில் நின்றோம். எனக்கு அப்போது இருபது வயது, யாராவது பெயர் கேட்டாலே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்கிறவள். என் முறை வந்தது, கோயில் நிறைய முகங்கள், வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அதற்குள் எனக்குப் பின்னால் நின்றவள், நல்ல தொண்டைக்காரி, நான் முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தன் பிள்ளைக்காகக் கணீரென்று மூன்று தரம் கேட்டுவிட்டாள். சனங்கள் "கொண்டு போ" என்றார்கள். அவளுக்குச் சொன்ன சொல்லை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நான் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் கோயில்பிள்ளை வேலை பார்க்கிற இஞ்ஞாசிப் பெரியப்பா கூட்ட வந்தபோது, பீடத்துப் படியில் ஒரு பிள்ளையின் நிழல் உட்கார்ந்திருந்தது. அவர் வாருகோலால் தள்ளிப் பார்த்தார், போகவில்லை. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார், அது கூசி நெளிந்தது. "ஏலேய், யாரு பிள்ளைல இது, தரையில ஒட்டிக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கு" என்று சத்தம் போட்டுக்கொண்டே போய் மணியடித்துவிட்டார். ஊர் கூடி வந்து பார்க்கும்போதே அது மெல்லப் படியிறங்கி, தவழ்ந்து தவழ்ந்து, தாய்மார் உட்காருகிற பக்கம் வந்து, இந்த இரண்டாம் தூணடியில் உட்கார்ந்துகொண்டது. உச்சியில் நான் ரிப்பன் கட்டிவிட்ட கொண்டை அப்படியே தெரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்கள். நல்ல வெயில், வாசலில் நிற்கிறோம், என் நிழல் மட்டும்தான் மணலில் கிடந்தது, இடுப்புப் பக்கம் ஒன்றுமில்லை.

அப்போதிருந்த பங்குச் சாமியார் மேற்றிராசனத்துக்கு, ஆயருக்குக் கடிதம் எழுதினார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் நிழலுக்கென்று தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை என்று. சாமியார் அதைப் பூசையில் வாசித்தார், ஊரும் சரி என்று கேட்டுக்கொண்டு, அன்றைக்கு மீன் என்ன விலை போகிறது என்று பேசிக்கொண்டே கலைந்து போனது.

அதற்குப் பிறகு அது கோயில் சாமான்களில் ஒன்றைப் போல ஆகிவிட்டது. இஞ்ஞாசிப் பெரியப்பா அதைச் சுற்றிக் கூட்டுவார், பாய் விரிக்கிற பெண்கள் அதற்கு இடம்விட்டு விரிப்பார்கள், காய்ச்சல் கண்ட கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து அதன் மேல் படுக்க வைத்தால் குளுமையாக இருக்கும் என்று உள்ளூரில் யாரோ கண்டுபிடித்தார்கள், அப்படியே நடந்தது. பழைய தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டபோது இனி தெரியாது என்று மேஸ்திரி சொன்னான், சிமெண்டு காய்வதற்குள் அது டைல்ஸுக்கு மேலே வந்து உட்கார்ந்திருந்தது. விளக்கு வேண்டாம், வெயில் வேண்டாம், காலையானாலும் மாலையானாலும் நீளாமல் குறுகாமல், என் மகள் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம், அவள் எங்கே என்ன செய்கிறாளோ அது இங்கே இந்த ஒரு பாய் அகலத்துக்குள் நடக்கும். வீட்டில் அவள் நடை பழகினாள், இங்கே அது தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. வீட்டில் அவள் சோற்றைத் தட்டிவிட்டாள், இங்கே அது கையை வீசியது. கோயிலுக்கு அவளே வந்தால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாள் போடுவார்கள், ஒருத்தி உடம்போடு, ஒருத்தி தரையோடு.

இஞ்ஞாசிப் பெரியப்பா தெருவழியாகப் போகும்போது, "பிலோமி, ஒம்மவ பள்ளிக்கூடம் போவலட்டி, எங்கயோ தண்ணிக்குள்ள குதிச்சிக்கிட்டு கெடக்கா, அங்கன கோயில்ல கெடந்து ஒரே நீச்சல்" என்பார். நான் கம்பை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவேன். பிள்ளையைத் தேடி ஊரெல்லாம் அலைகிற வேலை எனக்கு மட்டும் கிடையாது என்று மற்றத் தாய்மாருக்குப் பொறாமை.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு கித்தேரி மயினி வீடு, எனக்கு அண்ணி முறை. அவளுக்குப் பிள்ளை இல்லை. பூசைக்கு வந்தால் அந்த நிழலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள், புழுக்கமாக இருந்தால் ஓலை விசிறியால் அதற்கு விசிறுவாள். "ஒம்பிள்ளை பாதி எனக்கு, பாத்துக்க" என்பாள். "எடுத்துக்கிடுங்க மயினி, சேட்டைக்காரப் பாதிய எடுத்துக்கிடுங்க" என்பேன். சிரிப்போம்.

வருசா வருசம் தை வரும். இந்த வருசமாவது கேட்டு மீட்டுக்கொள் என்று சாமியாரும் சொல்வார், என் வீட்டுக்காரர் வியாகுலமும் சொல்வார். அடுத்த வருசம் என்பேன். முதல் இரண்டு வருசம் கூச்சம்தான், சத்தியமாகக் கூச்சம்தான். அதற்குப் பிறகு அது கூச்சம் இல்லை. எந்தத் தாய்க்கும் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது, அதை எதற்காகக் கொடுக்க வேண்டும் என்கிற ஆசை. அந்த ஆசைக்கு நான் கூச்சம் என்று பேர் வைத்திருந்தேன்.

புதுநன்மை வாங்கின வருசம் அப்பத்துக்கு அவள் நாக்கை நீட்டினாள், இங்கே தரையிலும் அது வாய் திறந்தது, கோயில் முழுவதும் மூச்சு விடாமல் பார்த்தது. ஆறாம் வகுப்புக்கு டவுனில் சிஸ்டர்மார் நடத்துகிற ஆஸ்டலில் சேர்த்தோம். பஸ் ஏற்றிவிட்டு வந்த வியாகுலம் கண்ணைத் துடைத்தார், நான் நேரே கோயிலுக்கு வந்தேன், அது ஜன்னலோரம் சாய்ந்த மாதிரி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது, பஸ்ஸின் குலுக்கலுக்குக் குலுங்கியது, நானும் பக்கத்தில் உட்கார்ந்து டவுன் வரைக்கும் கூடவே போனேன். கொலுசு போடாத கால், ஒல்லிக் கை, பின்னல் இரண்டும் ஆடுகிறது. அவளுக்குச் சீருடைப் பாவாடை தைக்க வேண்டுமென்றால் நூலை எடுத்துக்கொண்டு வந்து தரையில் அளந்துவிட்டுப் போவேன், ஒரு விரற்கடை கூடத் தப்பாது. போனில் பேசும்போது, "வியாழக்கெழம எதுக்குட்டி அழுத" என்பேன். "சாப்பிடாம எந்திரிச்சியே, சாம்பார் நல்லால்லையா" என்பேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அதை நான் பாசத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருசம் ஆடி மாதம் ஒரு நாள் நிழல் எழுந்திருக்கவில்லை. சுருண்டு படுத்துக் கிடந்தது, நடுங்கியது. இஞ்ஞாசிப் பெரியப்பா ஓடிவந்து சொன்னதும் கையில் இருந்த அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு, வியாகுலம் கடலிலிருந்து வருவதற்குக்கூடக் காத்திருக்காமல், செருப்பில்லாமல் பஸ் ஏறினேன். போனால் பிள்ளை காய்ச்சலில் அனத்திக்கொண்டிருக்கிறாள், எங்களுக்குச் சொல்லிவிட அப்போதுதான் போனை எடுக்கிறார்கள். டாக்டர், நல்ல நேரத்தில் சேர்த்தீர்கள் என்றார். திரும்பி வந்து இந்தத் தூணடியில் முகம் குப்புற விழுந்து கிடந்தேன். இதை எப்படி நான் மீட்பேன், நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் ஐப்பசி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை, பிரசங்க நேரம். நிழல் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தது, எழுந்தது, பாவாடையின் பின்பக்கத்தை இழுத்துப் பார்த்தது, பயந்து போய் ஒடுங்கி உட்கார்ந்தது. பெண்கள் பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டது. யாரோ குலவை போட்டுவிட்டார்கள், அடக்க முடியாமல் இன்னொருத்தி போட்டாள், பிரசங்கம் நின்றது, ஆண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்தது, சந்தோசம்தான். மத்தியானத்துக்குள் ஏழு வீட்டுக்காரர்கள் முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். சாயங்காலம்தான் ஆஸ்டலிலிருந்து போன் வந்தது, கிசுகிசுத்த குரல்.

"எம்மா, ஒனக்கு மட்டும் ஒண்ணு சொல்லணும்."

"தெரியும் மக்கா, தெரியும்! ஊருக்கே தெரியும். கித்தேரி அத்த ஒனக்கு உளுந்தங்களி கிண்டி வச்சிருக்கா."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள்.

கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நட்சத்திரம் கட்ட வரவில்லை, நடுச்சாமப் பூசைக்கு வரவில்லை. பையன்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதினேன். கையைத் தட்டிவிட்டாள்.

"எம்மா, நான் குளிக்கத ஊரு பாக்கு, தூங்கத ஊரு பாக்கு. எங்கூட படிக்க பிள்ளைய எல்லாம் லெட்டர் எழுதுவாளுவ வீட்டுக்கு, இது நடந்துச்சு அது நடந்துச்சுன்னு. நான் எழுதுனா நீ, அது அன்னைக்கே பாத்துட்டமேன்னு சொல்லுத. நான் சொல்லதுக்கு முன்னாடியே ஒனக்கு எல்லாந் தெரிஞ்சிட்டா, நான் எதுக்கும்மா ஒன்ட்ட பேசணும்?"

"காய்ச்சல்ல கெடந்தியே, அதுனாலதான மக்கா நான் ஓடி வந்தேன்?"

"வந்த. இல்லங்கல. ஆனா நான் ஒன்னக் கூப்பிடவே இல்லயேம்மா. கூப்பிடணும்னு நெனச்சிக்கிட்டே கெடந்தேன். அதுக்குள்ள வந்துட்ட."

அப்புறம் சொன்னாள், "என்ன மீட்டுரு."

நான் அன்றைக்குச் சமைக்கவில்லை. வியாகுலம் பிடித்துவந்த மீனைத் தானே அரிந்துகொண்டு, "நீ வாயத் தொறக்கல, பிள்ள வாயத் தொறந்துட்டு" என்று மட்டும் சொன்னார். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்புதான், வேதத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் நாம் கேட்பதற்கு முன்னாலேயே நமக்கு இன்னது வேண்டும் என்று ஆண்டவருக்குத் தெரியும் என்று சாமியார் வாசித்திருக்கிறார். தெரிந்தும் அவர் கேளுங்கள் என்கிறார். நாம் வாயைத் திறக்கிற வரைக்கும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் பார்க்கிறவரே அப்படி இருக்கும்போது, ஒரு பாய் அகலத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன ஆட்டம் ஆடியிருக்கிறேன்.

தைத் திருவிழா ஒன்பதாம் நாள். நடக்கவும் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவில், தவிட்டு நிறப் பாவாடை சட்டையில், பதின்மூன்று வயதுப் பெண் பீடத்துப் படியில் போய் உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. உப்பையும் மிளகையும் கொட்டினேன். திரும்பி நின்றேன், அதே முகங்கள்தான், பன்னிரண்டு வருசம் கூடின முகங்கள்.

"கோடி அற்புதரே, எம்பிள்ளையத் தாரும்."

என் சத்தத்தை நானே அன்றைக்குத்தான் முதல் தரம் முழுதாகக் கேட்டேன். கோயிலின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஆனால் சனங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் மடியைப் பார்த்தார்கள், ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள், இஞ்ஞாசிப் பெரியப்பா மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அதை வளர்த்தது நான் மட்டும் இல்லை என்று. கூட்டினவர்கள், விசிறினவர்கள், தங்கள் காய்ச்சல் பிள்ளைகளை அதன் மடியில் கிடத்தினவர்கள், எல்லாருக்கும் அது பிள்ளை, அந்தோணியாருக்காக வாய் திறக்க வேண்டியவர்களுக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் தரம் கேட்டேன். மெழுகு உருகுகிற சத்தம்கூடக் கேட்டது. படியில் என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள், தூணடியில் நிழல் தலை குனிந்தது.

மூன்றாம் தரம் கேட்டேன், கேட்டுவிட்டு, எல்லாரையும் விட்டுவிட்டுக் கித்தேரி மயினியைப் பார்த்தேன். அவள் விசிறியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். "மனசில்லட்டி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு விசிறியைத் தரையில் வைத்தாள். அந்த நிழலின் தலையில் கையை வைத்து, நெற்றியில் சிலுவை போட்டாள். எழுந்து நின்று, ஒற்றைக் குரலில் சொன்னாள்:

"கொண்டு போ."

அதற்குப் பிறகுதான் கோயில் முழுவதும், குழந்தை கிழவர் எல்லாரும், அழுதுகொண்டே, "கொண்டு போ, கொண்டு போ" என்றார்கள். நிழல் எழுந்து நின்றது. பன்னிரண்டு வருசத்தில் முதல் தரமாக அந்தப் பாய் அகலத்தைத் தாண்டிக் காலெடுத்து வைத்தது. உட்கார்ந்திருந்தவர்களின் மடிமேல், தோள்மேல், பிள்ளைகளின் தலைமேல் அது ஏறி ஏறிப் போனது, நல்ல வெயில் நேரம் கடலில் நிற்கும்போது ஒரு மேகம் கடந்துபோனால் எப்படி இருக்கும், அப்படி ஒவ்வொருத்தர் மேலும் ஒரு குளுமை விழுந்து விழுந்து நகர்ந்தது, அது கடந்தவர்கள் எல்லாரும் தங்களை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்கள், என் மேலும் கடந்தது, ஒரு நிமிசம் நின்று கடந்த மாதிரி இருந்தது, அப்புறம் படியேறி என் மகள் காலடியில் போய்ப் படுத்தது. அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். வெயிலில் நின்றாள். முன்னால் நீண்டு கிடந்ததைப் பார்த்து, "எம்மா, நான் இவ்வளவு நெட்டையாவா இருக்கேன்" என்றாள். அப்புறம் மணலில் அதைத் தாண்டப் பார்த்தாள், தாண்ட முடியவில்லை என்று சிரித்தாள், சின்னப் பிள்ளைகள் செய்கிற விளையாட்டு, அவள் விளையாடாதது.

பஸ் ஏற்றிவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் சனிக்கிழமை போன் வரவில்லை. இரண்டாம் சனிக்கிழமை வியாகுலத்திடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டாள். நான் இங்கே வந்து வெறும் தரையைப் பார்ப்பேன். சாப்பிட்டாளா தெரியாது. சிரித்தாளா, முடங்கிக் கிடக்கிறாளா, தெரியாது. சோறு இறங்கவில்லை எனக்கு. ஆனால் இதையும் சொல்ல வேண்டும், இந்த மூன்று வாரம் நான் செபித்த மாதிரி என் ஆயுசில் செபித்ததில்லை, முன்னெல்லாம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவேன், இப்போது ஆண்டவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றாக, வாய்விட்டு, அவளுக்குத் தலைவலி இருக்கக்கூடாது, அவள் கூட்டாளிகள் நல்லவர்களாக இருக்க வேண்டும், கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் அந்த நேரம் நான் என்று ஒருத்தி இருப்பது அவள் நினைவுக்கு வர வேண்டும் என்று. பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் எனக்கு எவ்வளவு தெரிந்தவளோ, அதைவிடப் பெரியவளாக இப்போது இருக்கிறாள், எங்கோ, என் கண்ணுக்கு எட்டாமல், அவர் கண்ணுக்குள். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது, பயத்திலேயே ஒரு மாதிரி உடம்பு சிலிர்க்கிறது, இந்தத் தரையைத் தொட்டால் இன்னும் அது

"ஏட்டி பிலோமி! ஓடியா! ஜெனோ போன்ல! எங்கிட்ட சொல்லமாட்டாளாம், ஒன்ட்டதான் மொதல்ல சொல்லணுமாம்!" வாசலில் வியாகுலத்தின் சத்தம்.

வாறேன், வைக்கச் சொல்லாதியும், இந்தா வந்துட்டேன், என்னவாம், அழுதாளா சிரிச்சாளா, இல்ல, நீரு கேக்காதியும், அவளே சொல்லட்டும், எனக்கு ஒண்ணுமே